முதல் வரி மட்டும் பாக்கி

எழுதியே தீருவது என்று மாண்புமிகு முடிவு செய்துவிட்டார்.

மாண்புமிகு என்பது அவருடைய பதவியும் அல்ல, பட்டமும் அல்ல. ஊர் வைத்த பெயர். மாவட்ட அலுவலகத்தின் மதிலோரம் ஒரு மேசை, அதன் மேல் ஒரு தட்டச்சு எந்திரம், தலைக்கு மேல் ஒரு தார்ப்பாய். அதுதான் அவருடைய சாம்ராஜ்யம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும், தெருவிளக்கு எரியவில்லை என்றாலும், பக்கத்து வீட்டுக்காரன் சுவரை அரை அடி தள்ளிக் கட்டிவிட்டான் என்றாலும் சனங்கள் அவரிடம் வந்துதான் மனு அடித்துக்கொண்டு போவார்கள். மனுவின் உயிர் முதல் வரியில் இருக்கிறது என்பது அவருடைய சித்தாந்தம். யாரை எப்படி விளிப்பது என்பதில் மனிதர் புலி. திரு யாருக்கு, உயர்திரு யாருக்கு, மதிப்பிற்குரிய எந்த மேசையில் முடிந்து பெருமதிப்பிற்குரிய எந்த மேசையில் தொடங்குகிறது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். ஒருவர் இவரிடம் வராமல் தானே மனு எழுதி, உயர்திரு போட வேண்டிய இடத்தில் வெறும் திரு போட்டுவிட்டாராம். குழாய் வந்தது, எதிர்வீட்டுக்கு. இந்தக் கதையை வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்வார்.

அப்பேர்ப்பட்டவருக்கு இப்போது சொந்த வீட்டுக்காகவே ஒரு மனு எழுத வேண்டிய நிலை வந்துவிட்டது.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள், இருபது வயது, ராணுவத்தின் வாகனப் பிரிவில் மெக்கானிக் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். அவரிடம் "ஒரு பரீட்சை இருக்குப்பா" என்று மட்டும் சொன்னாள். அவரும் எந்தப் பரீட்சை என்று கேட்காமல் நல்லா எழுதும்மா என்று வாழ்த்தி அனுப்பினார். அவள் நல்லாவே எழுதிவிட்டாள். எட்டாம் தேதி கடிதம் வந்தது. தேர்வாகிவிட்டாள், ஒன்றாம் தேதி பயிற்சி மையத்தில் சேர வேண்டும். பெற்றோருக்கு ஆட்சேபணை இருந்தால் இருபதாம் தேதிக்குள் எழுத்து மூலம் வந்து சேர வேண்டும், வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும். இதை அவருடைய மனைவி மாலைத் தேநீரோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தாள்.

படித்தார். தேநீர் ஆறிப்போனது. ஒரு பெண்பிள்ளை லாரிக்கு அடியில் படுப்பதா என்றார். பயிற்சி மையம் பஸ்ஸில் இரண்டு மணி நேரம், சரி, அதற்கப்புறம் எந்த மூலைக்கு அனுப்புவார்களோ என்றார். இன்னும் ஏழெட்டுக் காரணம் சொன்னார். உண்மைக் காரணத்தை மட்டும் சொல்லவில்லை. தினமும் காலையில் அவருடைய தட்டச்சு எந்திரத்தைத் துடைத்து, எழுத்துகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்து கொடுப்பவள் அந்தப் பெண். அவள் அதைச் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து சும்மா வேடிக்கை பார்ப்பதுதான் அவருடைய நாளில் இருக்கிற பத்து நிமிட சந்தோஷம்.

"ஆட்சேபணை எழுதப்போறேன்," என்றார்.

"தாராளமா எழுதுங்க," என்றாள் மனைவி.

இருபத்து மூன்று வருட இல்லறத்தில் அவள் எதற்கும் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டியதில்லை. மாண்புமிகு அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். அவள் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருப்பவள். ஒரு நாளைக்கு எண்ணூறு பேரை ஒரு சின்னச் சதுர ஓட்டை வழியாகப் பார்க்கிறவள். உள்ளே நீளும் கையைப் பார்த்தே இந்த ஆள் எந்த ஊருக்குப் போகிறான் என்று சொல்லிவிடுவாள். வீட்டில் இருக்கிற ஒரே ஒரு ஆளை அவளுக்குப் படிக்கத் தெரியாதா.

"யாருக்குன்னு எழுதுவீங்க?" என்று கேட்டாள்.

அவர் கடிதத்தின் அடியைப் பார்த்தார். பிய்ந்த மெத்தையிலிருந்து துருத்திய கம்பி மாதிரி ஒரு கையெழுத்து. பெயரும் இல்லை, பதவியும் இல்லை.

"வெறும் 'ஐயா'ன்னு போட்டா ராணுவத்துல மரியாதைக் குறைவா நினைச்சுக்க மாட்டாங்களா?" என்றாள் அவள். "எனக்கு என்னங்க தெரியும். இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "மத்தவங்களுக்குப் பேருக்குப் பின்னால பதவி. ராணுவத்துல பதவிக்குப் பின்னாலதான் பேரே. வெறும் ஐயா போட்டா கூப்பிட்டு வெச்சு அவமானப்படுத்தின மாதிரி," என்றார். அவள் கண்களை அகல விரித்துக்கொண்டு அப்படியா என்று கேட்டாள். அவ்வளவுதான், கதவு சாத்தியாயிற்று, தாழ்ப்பாளையும் அவரே போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை மதிலோரத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் மூன்று பக்கம் அடித்தார். அபாரமான மனு. மகளின் மென்மையான உடல்நிலை பற்றி ஒரு பத்தி. அவளுக்குச் சளி பிடித்தே ஆறு வருடம் ஆகிறது. தந்தையின் தள்ளாத வயது பற்றி ஒரு பத்தி. அவருக்கு நாற்பத்தொன்பது. படித்தால் கல்லும் கரைந்திருக்கும். முதல் வரி மட்டும் பாக்கி. அங்கே ஒரு விரல்கடை இடம் விட்டு வைத்திருந்தார்.

கடிதம் கொண்டுவந்த தபால்காரரை மடக்கிக் கேட்டார். பட்டாளத்துக்காரர் யாராக இருந்தாலும் ஒரு சார் போட்டு, தபாலைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன் என்றார் அவர். தபால் கொடுப்பது வேறு, எழுதுவது வேறு என்று மாண்புமிகு அவரை அனுப்பி வைத்தார்.

அன்று மாலை மனைவி வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கவுண்டர்ல இன்னிக்கு ஒரு ராணுவத் தம்பி டிக்கெட் எடுத்தான். உங்களுக்காகக் கேட்டு வெச்சேன். அங்க கையெழுத்துப் போடறது கேப்டனாம்."

அவருக்கு மனைவியின் மேல் அன்பு பொங்கியது. பெருமதிப்பிற்குரிய கேப்டன் அவர்களுக்கு என்று முதல் வரியை அடித்து, உறையில் போட்டு, ஒட்டியும் விட்டார். மறுநாள் மாலை தபால் பெட்டிக்குக் கிளம்பும்போது அவள் வாசலில் எதிரே வந்தாள்.

"போட்டுட்டீங்களா?"

"இல்ல, போடத்தான் போறேன்."

"நல்ல வேளை. அந்த கேப்டன் போன மாசமே மேஜர் ஆயிட்டாராம்."

மேஜரைக் கேப்டன் என்று கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதை மாண்புமிகு நினைத்துப் பார்த்தார். வேர்த்துவிட்டது. மனைவிக்கு நன்றி சொன்னார். ஆமாம், நன்றியே சொன்னார். உறையைக் கிழித்தார், மேஜருக்கு அடித்தார். பன்னிரண்டாம் தேதி, மேஜர் விடுமுறையில் இருப்பதாகவும் அவருக்குப் பதிலாக ஒரு லெப்டினென்ட் கையெழுத்துப் போடுவதாகவும் செய்தி வந்தது. அப்படியானால் மேஜர் என்றே இருந்துவிட்டுப் போகட்டுமே, கூட்டிச் சொன்னால் குறைந்தா போய்விடும் என்று மனைவி அப்பாவியாகக் கேட்டாள். அதுதான் பெரிய ஆபத்து என்று அவர் விளக்கினார். இறக்கிச் சொன்னால் கோபம் வரும். ஏற்றிச் சொன்னால் கேலி செய்கிறான் என்று நினைப்பார், அதுவும் அந்தக் காகிதம் மேலதிகாரி கண்ணில் பட்டால் இந்த ஆளே ஊரெல்லாம் தன்னை மேஜர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான் போல என்று அவர் தலை உருளும். ஒரு பாவமும் அறியாத லெப்டினென்ட்டின் வேலை தன்னால் போக வேண்டாம் என்றார். அவள் நீங்க எவ்வளவு யோசிக்கிறீங்க என்று வியந்தாள்.

பதின்மூன்றாம் தேதி லெப்டினென்ட்டுக்கு மாற்றல். வந்திருப்பது கர்னல். பதினான்காம் தேதி மாலை அவள் சாவகாசமாகக் கைகால் கழுவிவிட்டு வந்து, "கர்னல்லயே ரெண்டு வகை இருக்காமே?" என்றாள். "லெப்டினென்ட் கர்னல்னு ஒண்ணு, முழுக் கர்னல்னு ஒண்ணு. இது எதுன்னு அந்தத் தம்பிக்கே சரியா தெரியலை." ஒரே ஆளுக்குள் லெப்டினென்ட்டும் கர்னலும் எப்படிக் குடியிருப்பார்கள் என்று மாண்புமிகு குழம்பினார். வழக்கமாக வரும் மனுக்காரர்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்று, அவர் வெறித்த பார்வையைக் கண்டு, நாளைக்கு வருகிறோம் என்று போய்விட்டார்கள்.

பதினைந்தாம் தேதி எந்திரமே அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டது. 'ஆ' அடித்தால் எழுத்து மேலே போய் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. ஆட்சேபணை அடிக்க வேண்டியவருக்கு ஆ இல்லாவிட்டால் எப்படி. எந்திரத்தை வீட்டுக்குத் தூக்கி வந்தார். மகளிடம் கேட்க வாய் வரவில்லை. அவளுக்கு எதிராக எழுதுவதற்கு அவளையே பழுது பார்க்கச் சொல்வதா. கூடத்து மேசையில் வைத்துவிட்டுச் சும்மா அதன் எதிரே உட்கார்ந்திருந்தார்.

மகளே வந்தாள். என்ன எழுத்து என்று கேட்டாள். சொன்னார். எந்திரத்தில் மனுவின் முதல் பக்கம் மாட்டியிருந்தது. அவள் அதை உருவி, படிக்காமல், கவிழ்த்து வைத்தாள். படிக்கவில்லை என்பதை அவர் கவனித்தார். பிறகு தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து, உள்ளே விட்டு நெம்பி, ஒரு கம்பியை நேராக்கி, துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாள்.

"அடிச்சுப் பாருங்கப்பா."

வேறு காகிதம் மாட்டி அடித்துப் பார்த்தார். ஒரு வரி முழுக்க ஆஆஆஆ என்று வந்தது.

"இனிமே சிக்கினா எண்ணெய் விடாதீங்கப்பா. தூசி சேர்ந்து இன்னும் ஒட்டிக்கும். மண்ணெண்ணெய்தான் தொடணும். இந்தப் பக்கம் கம்பி கொஞ்சம் தேஞ்சிருக்கு. வேகமா அடிக்காதீங்க."

இருக்கவா, போகவா என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. கையைக் கழுவிட்டுச் சாப்பிடும்மா என்று மட்டும் சொன்னார்.

அன்றே மனுவைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் மதிலோரம் முழுக்கச் சொல்லியாயிற்று. ராணுவத்துக்கே மனு போடப்போகிறாராமே என்று அலுவலகக் காவலாளி வரை விசாரித்தாயிற்று. இனிப் பின்வாங்கினால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது.

ஆகவே பதினேழாம் தேதி நேரிலேயே போய்ப் பதவியைத் தெரிந்துகொண்டு வருவது என்று கிளம்பினார். மனைவிக்குத் தெரியக்கூடாது. பஸ் நிலையத்தில் ஏறினால் டிக்கெட்டை அவளிடம்தான் வாங்க வேண்டும். அதனால் அடுத்த நிறுத்தம் வரை வெயிலில் நடந்துபோய், வழியில் ஏறினார். இரண்டு மணி நேரம் குலுங்கி, பயிற்சி மையத்தின் வாசலில் இறங்கினார். வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவல்காரர் நின்றார். சின்ன வயது. சட்டைக் கையில் ஏதோ இரண்டு கோடு.

அங்கேதான் மாண்புமிகுவின் கால் நின்றுவிட்டது. பெரியவர் யார் என்று இவரிடம் கேட்க வேண்டும். கேட்க வேண்டுமானால் இவரைக் கூப்பிட வேண்டும். இவர் யார்? இரண்டு கோட்டுக்கு என்ன பெயர்?

எதிர்ச் சுவரோரம் நிழலில் ஒதுங்கி நின்று யோசித்தார். யாரையும் விளிக்காமலே ஒரு கேள்வியைக் கேட்டுவிட முடியுமா என்று பல விதமாக வாக்கியம் அமைத்துப் பார்த்தார். "இங்கே தலைமை வகிப்பது யார் என்று அறிய விருப்பம்." இப்படிக் கேட்டால் உளவாளி என்று உள்ளே தள்ளிவிடுவார்கள். "கடிதத்தில் கையெழுத்திட்டவர் யாரோ?" இது காதல் விவகாரம் மாதிரி இருந்தது. இப்படி முக்கால் மணி நேரம் உதட்டை அசைத்துக்கொண்டு நின்றவரை அந்தக் காவல்காரர் கவனித்துவிட்டார்.

"என்ன பெரியவரே, வழி தெரியலையா?" என்று கேட்டார், ரொம்ப மரியாதையாக.

பெரியவரே. நாற்பத்தொன்பது வயதில் பெரியவரே. மனுவில் தள்ளாத வயது என்று எழுதியபோது வலிக்காதது இப்போது வலித்தது. ஒன்றும் இல்லை என்று தலையாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டார். மாலையில் மனைவி அவருடைய புழுதி படிந்த செருப்பைப் பார்த்தாள், எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, அங்கே பிரிகேடியர் ஒருவரும் இருக்கிறாராம் என்று மட்டும் சொன்னாள்.

பத்தொன்பதாம் தேதி. அன்று நான்கு மணித் தபாலில் போனால்தான் மறுநாள் போய்ச் சேரும். மாண்புமிகு அன்று மதிலோரத்துக்கே போகவில்லை. கிழித்துப் போட்டதையும் மறுபடி அடித்து, கூடத்து மேசையில் ஆறு உறைகளை வரிசையாக வைத்திருந்தார். லெப்டினென்ட், கேப்டன், மேஜர், அரைக் கர்னல், முழுக் கர்னல், பிரிகேடியர். எல்லாவற்றுக்குள்ளும் அதே மனு. மூன்றரை மணிக்கு ஒரு வெறி வந்தது. ஆறையும் போட்டுவிடுகிறேன் என்று அள்ளிக்கொண்டு எழுந்தார்.

அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்த மனைவி துணி மடித்துக்கொண்டே நிதானமாகக் கேட்டாள்.

"ஆறு பேரும் ஒரே மேசையில உட்கார்ந்து பிரிச்சாங்கன்னா?"

அந்தக் காட்சி அவர் கண்முன் விரிந்தது. ஆறு தொப்பிகள். ஆறு மீசைகள். ஒருவர் காகிதத்தை மற்றவர் எட்டிப் பார்க்கிறார். மாண்புமிகு மெல்ல உட்கார்ந்தார். தெருமுனையில் தபால் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது, பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது, வண்டி போகும் சத்தமும் கேட்டது.

தோற்றுவிட்டோம் என்று வருத்தப்படத்தான் பார்த்தார். வருத்தம் வரவில்லை. தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், ராணுவம் தப்பித்துவிட்டது என்று சொல்லிவிட்டு ஆறு உறைகளையும் அடுக்கி அலமாரியில் வைத்தார்.

ஒன்றாம் தேதி மூன்று பேருமாகப் போய் இறங்கினார்கள். பயிற்சி மைய வாசலில் பெட்டியும் பையுமாகக் கூட்டம். பக்கத்தில் குழாய் வேலை செய்யும் ஒருவர் தன் மகளோடு நின்றிருந்தார். அவர் கையில் அதே கடிதம். ஆனால் இரண்டு தாள். மாண்புமிகு தொழில் பழக்கத்தில் கழுத்தை நீட்டிப் படித்தார். இரண்டாம் தாளின் தலைப்பு, 'பெற்றோர் கவனத்துக்கு'. அதில் மூன்றாவது குறிப்பு: எங்களுக்கு எழுதும்போது அதிகாரியின் பதவி தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். 'ஐயா' அல்லது 'அம்மா' என்று எழுதினாலே போதும். அதுவே உரிய மரியாதை.

"இது எங்க கிடைச்சுது?" என்றார், குரல் எழும்பாமல்.

"லெட்டரோட சேர்ந்து வந்ததுதாண்ணே. உங்களுக்கு வரலையா?"

மாண்புமிகு திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்த பையின் முடிச்சை மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள்.

"நமக்கும் ரெண்டாவது தாள் வந்துதா?"

"வந்துது."

"எங்க அது?"

"கவுண்டர் டிராயர்ல. பத்திரமாத்தான் இருக்கு."

"அப்ப அந்த கேப்டன், மேஜர், கர்னல்?"

"கவுண்டருக்கு யார் வந்தாலும் எனக்குத் தம்பிதாங்க. யார் என்ன பதவின்னு நான் எங்க கண்டேன்."

அவருக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. வாயைத் திறந்தார். அவள் முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"எனக்கு மட்டும் அவளை அனுப்பிட்டு இருக்க முடியுமா? ஆனா நீங்க எழுதி அவ நின்னிருந்தா, வீட்டுலதான் இருந்திருப்பா. உங்க எந்திரத்தையும் தொடச்சிருப்பா. ஆனா முன்ன மாதிரி உங்க பக்கத்துல உட்கார்ந்து தொடச்சிருப்பாளா? அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லைங்க."

மாண்புமிகு குனிந்து, அவள் பாதியில் விட்ட முடிச்சைக் கட்டினார்.

உள்ளேயிருந்து அதிகாரி ஒருவர் பெயர்ப் பட்டியலோடு வந்தார். தோளில் என்னென்னவோ மின்னியது. மாண்புமிகு அது லெப்டினென்ட்டா கர்னலா என்று எண்ணத் தொடங்கினார். அதற்குள் அவர் மனைவி நேரே போய், "ஐயா, எங்க பொண்ணு வேலையில இறங்கிட்டா சாப்பாட்டை மறந்துடுவா. கொஞ்சம் பாத்துக்குங்க," என்றாள். பாத்துக்கறேம்மா என்று அவர் சிரித்தார். மகள் அப்பாவின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாவது வாரம், ஒரு விடுமுறை நாள் காலை. மாண்புமிகு மகளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் மூன்று பக்கம் ஆகிவிட்டது. அவள் இல்லாமல் வீடு எப்படி இருக்கிறது என்பதை, வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம், அடித்திருந்தார். மேலே ஒரு விரல்கடை இடம் காலி. அதைப் பார்த்துக்கொண்டே பத்து மணி வரை உட்கார்ந்திருந்தார். கடைசியில், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"பயிற்சியில இருக்கறவங்களுக்கு ராணுவத்துல என்ன பதவின்னு கவுண்டர்ல யார்கிட்டயாவது கேட்டுச் சொல்லேன். இந்தத் தடவை நிஜமா கேளு."

"நான் அவ போன ரெண்டாம் நாளே லெட்டர் போட்டுட்டேன். 'அடியே'ன்னு ஆரம்பிச்சேன். பதிலும் வந்துடுச்சு."

"என்னைப் பத்தி ஏதாவது எழுதியிருக்காளா?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்துப் படித்தாள்.

"'அப்பா எனக்கு லெட்டர் எழுதிட்டு முதல் வரியில நின்னுக்கிட்டிருப்பார். மேல கொஞ்சம் கிழிச்சுட்டு மீதியை அனுப்பி வைம்மா.'"